மூளைக்குப் பின்வழியே செல்லும் இரத்தம்

பக்கவாதம் என்றவுடன் ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிடுவதையே நாம் நினைக்கிறோம். சொல்லும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதால் அது பக்கவாதம். ஆனால் கையும் காலும் வலுவோடு இருக்க, நினைவும் தெளிவாக இருக்க, மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றி மடிந்துகொண்டிருக்கும் நிலையும் உண்டு. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மூளையின் பின்பகுதியைத் தாக்குகிறது. அவ்வகையில் கை, கால் பாதிக்கப்படாமலே இருக்கலாம். தலைசுற்றல், வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிதல், விழுங்க முடியாமை, குரல் கம்முதல் ஆகியவையே முதலில் தோன்றும். நம் வட்டாரத்து வீடுகளில் இவற்றுக்கு வைக்கப்படும் பெயர் பித்தம். எலுமிச்சைச் சாறும் இஞ்சிச் சாறும் கொடுத்துப் படுக்க வைத்து, மறுநாள் காலையில் அழைத்து வருகிறார்கள். அந்த ஓர் இரவில் இழந்ததைப் பின்னர் மீட்பது பலருக்கு இயலாமற்போகிறது.

இத்தகைய பக்கவாதம் ஏன் வேறு முகத்தோடு வருகிறது என்பதை அறிய, மூளைக்கு இரத்தம் செல்லும் வழிகளையும், அவ்வழியில் அமைந்துள்ள நரம்புகளையும் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு குழாய்கள்

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி இரத்தம் அதற்கு வேண்டும். நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. தசையைப் போலவோ கல்லீரலைப் போலவோ அது எதையும் சேமித்து வைப்பதில்லை. இரத்த ஓட்டம் முழுவதும் நின்றால் பத்து நொடிகளுக்குள் நினைவு தப்பிவிடும்.

இந்த இரத்தத்தை நான்கு தமனிகள் கொண்டு செல்கின்றன. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்கு இருபக்கமும் விரல் வைத்தால் துடிப்பது தெரியுமே, அவை கரோட்டிட் எனப்படும் கழுத்துத் தமனிகள். பெருமூளையின் பெரும்பகுதிக்கு இவையே இரத்தம் தருகின்றன. கை, கால் அசைவையும் பேச்சையும் ஆளும் பகுதிகள் அங்கேதான் உள்ளன. எஞ்சிய இரண்டும் கழுத்தின் பின்புறம், எலும்புகளுக்குள் மறைந்து செல்கின்றன. ஏழு கழுத்தெலும்புகளில் மேலுள்ள ஆறின் பக்கத் துளைகள் வழியே ஏறி, மண்டையோட்டுக்குள் நுழைந்து, அங்கே இரண்டும் ஒன்றாகி ஒரே குழாயாகின்றன. அதற்குப் பேசிலர் தமனி என்று பெயர். மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வையை உணரும் பின்மூளை ஆகியவை இந்தப் பின்வழியை நம்பியே வாழ்கின்றன.

மேட்டூர் அணையிலிருந்து கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் பிரிந்து செல்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கரையின் கால்வாய் உடைந்தால் மறுகரை நீரால் அந்த வயலுக்குப் பயனில்லை. மூளையில் அமைப்பு சற்றே மேலானது. முன்வழியையும் பின்வழியையும் மூளையின் அடியில் சிறு குழாய்கள் வளையமாக இணைக்கின்றன. 1664-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் தம் நூலில் இதை விளக்கினார். அந்நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென். ஒரு பக்கக் கழுத்துத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தும் பக்கவாதம் வராமல் வாழ்ந்து, வேறு நோயால் இறந்த ஒருவரின் உடலை வில்லிஸ் ஆய்ந்தார். மற்ற குழாய்கள் அந்தக் குறையை ஈடுசெய்திருந்தன. இன்றும் இந்த வளையத்தை அவர் பெயராலேயே அழைக்கிறோம்.

ஆயினும் இந்த ஏற்பாட்டை முழுமையாக நம்ப இயலாது. வளையம் எங்கும் அறுபடாமல் முழுதாக அமைந்தவர்களைவிட, ஏதேனும் ஓர் இணைப்பு மெலிந்தோ இல்லாமலோ பிறந்தவர்களே மிகுதி. மேலும், வளையத்தைக் கடந்து உள்ளே செல்லும் மெல்லிய கிளைகளுக்கு மாற்று வழி ஏதும் கிடையாது. இரு பெரிய குழாய்களின் பாசன எல்லைகள் சந்திக்கும் இடங்களும் உண்டு. அவை மூளையின் கடைமடைகள். இரத்த அழுத்தம் திடீரென இறங்கினால் முதலில் காய்வது அவையே.

இதனால்தான் ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கவாதம் வந்த நேரத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து காணப்படுவது வழக்கம். அடைபட்ட குழாயைத் தாண்டி இரத்தத்தைச் செலுத்த உடல் எடுக்கும் முயற்சியாகவும் அது இருக்கலாம். அதைக் கண்டு அஞ்சி, நாக்கின் அடியில் மாத்திரை வைத்து அழுத்தத்தைச் சட்டென இறக்குவது கடைமடைக்கு வரும் கொஞ்ச நீரையும் நிறுத்துவதாகும். எவ்வளவு குறைக்கலாம், எப்போது குறைக்கலாம் என்பதை ஸ்கேன் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கட்டைவிரல் பருமனில் பத்து இணை நரம்புகள்

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள் 12 இணைகள். மணத்துக்குரிய முதல் இணையையும் பார்வைக்குரிய இரண்டாம் இணையையும் தவிர, மற்றவை மூளைத்தண்டோடு தொடர்புடையவை. (பதினோராவது நரம்பின் பெரும்பகுதி கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஏறி வருகிறது.) மூளைத்தண்டு என்பது கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு தண்டு. கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகள், முகத்தின் தொடுவுணர்வு, முகத்தசைகள், செவியும் சமநிலையும், விழுங்குதல், குரல், நாக்கின் அசைவு ஆகிய அனைத்துக்குமான மையங்கள் அதற்குள் நெருக்கமாக அமைந்துள்ளன. கைக்கும் காலுக்கும் இறங்கும் நரம்பிழைகளும் அதே தண்டின் வழியேதான் செல்கின்றன. மூச்சையும் விழிப்பையும் காக்கும் மையங்களும் அங்கேயே.

எனவே பின்வழியில் ஒரு சிறு கிளை அடைபட்டாலும் முகத்தில் அறிகுறி தோன்றும். பேசிலர் தமனியே அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. உயிர் பிழைத்தோருள் சிலர், நினைவு தெளிவாக இருந்தும் கண்ணிமையைத் தவிர எதையும் அசைக்க இயலாத நிலையில் கிடப்பதும் உண்டு.

நான் பார்த்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் கிழங்கு உரிக்கும் வேலை. வயது அறுபதை ஒட்டியது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதிகாலையில் எழுந்தபோது தலை சுற்றியது, மூன்று முறை வாந்தி. வாந்திக்கு ஊசி போட்டு வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டது. மாலையில் விக்கல் தொடங்கியது, நிற்கவேயில்லை. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியே வந்தது. மறுநாள் அவரே எழுந்து தோசை ஊற்றியிருக்கிறார். கல்லில் பட்டு வலது கை விரல்கள் கொப்பளித்துவிட்டன. ஆனால் சூடு தெரியவில்லை. அதன் பிறகுதான் அழைத்து வந்தார்கள்.

பரிசோதித்தபோது வலது கையிலும் காலிலும் வெப்ப உணர்வு இல்லை. முகத்திலோ இடப்பக்கம் உணர்வில்லை. இடது கண்ணிமை சற்றே தாழ்ந்திருந்தது. குரல் கம்மியிருந்தது. கை, கால் பலம் முழுமையாக இருந்தது. “நல்லாத்தானே கையைப் புடிக்கிறாங்க, இதெப்படிங்க பக்கவாதம்?” என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமுமாக உணர்வு மாறித் தெரிவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியாகிய முகுளம் பாதிக்கப்பட்டதன் முத்திரை. முகத்துக்குரிய நரம்பிழைகள் அந்தந்தப் பக்கமே அமைய, உடலின் வெப்பத்தையும் வலியையும் சுமந்துவரும் இழைகள் முன்பே பக்கம் மாறி ஏறுவதால் இப்படி ஆகிறது. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க் 1895-இல் இதை விவரித்தார். அவர் பெயரே இந்நோய்க்கு நிலைத்தது.

அந்த அம்மையாருக்கு ஐந்து வாரங்கள் மூக்குக் குழாய் வழியேதான் உணவு. இப்போது தாமே உண்கிறார். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குரிய நேரம் அவர் வருவதற்கு முன்பே கடந்துவிட்டிருந்தது.

எல்லாத் தலைசுற்றலும் இதுவன்று

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு தலைசுற்றலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. தலைசுற்றலில் மிகுதியானவை உட்காதுக் கோளாறுகள். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் சுழன்று அடங்குவது பெரும்பாலும் அவ்வகையே. ஆனால் திடீரெனத் தொடங்கி விடாமல் நீடிக்கும் தலைசுற்றலோடு, கீழுள்ளவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது: இரட்டைப் பார்வை, நாக்குழறல், புரையேறுதல், முக மரப்பு, பிடிமானமின்றி உட்காரவோ நிற்கவோ முடியாமை, இதுவரை அறியாத கடும் தலைவலி அல்லது பிடரி வலி. எழுந்து நடக்கச் சொன்னால் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுகிறாரா என்று பிடித்துக்கொண்டு பாருங்கள். கையும் காலும் பலமாயிருந்தும் நடக்க முடியவில்லை என்றால் அது சிறுமூளையின் முறையீடு.

இன்னொன்று. தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவை உடனே காட்டிவிடும். ஆனால் மூளையின் பின்பகுதியில் புதிதாக ஏற்பட்ட அடைப்பைப் பல வேளைகளில் காட்டாது. எம்.ஆர்.ஐ. அதைவிட நன்றாகக் காட்டும். அதுவும் முதல் நாளில் சிலருக்குத் தவறவிடக்கூடும். “ஸ்கேன் நார்மல்” என்ற தாளோடு வீட்டுக்குப் போனவருக்கு மேற்சொன்ன அறிகுறிகள் தொடர்ந்தால் மீண்டும் வர வேண்டும்; தயங்க வேண்டாம்.

கண்ணும் முகமும்

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரி, ரிக் வண்டித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே இரட்டைப் பார்வையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எதிரே வரும் ஒரு வண்டி இரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடுகிறது என்றால், கோளாறு கண்ணில் இல்லை, கண்ணை அசைக்கும் நரம்புகளில் இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டே பல நூறு கிலோமீட்டர் ஓட்டிவந்து சேர்ந்த ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். அது துணிவன்று, பேராபத்து. வண்டியை ஓரம் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

நீண்டநாள் சர்க்கரை நோயில், இந்நரம்புகளுக்கே இரத்தம் தரும் மயிரிழைக் குழாய்கள் அடைபடுவதுண்டு. நரம்புகளுக்கும் சோறு இரத்தம்தானே. இவ்வகைப் பாதிப்பு பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானே சரியாகிவிடும். ஆனால் கண்ணிமை முழுதும் மூடி, அந்தக் கண்ணின் பாவை மற்றதைவிட விரிந்து, தலைவலியும் சேர்ந்தால் கதை வேறு. வில்லிஸ் வளையத்தின் பின்புறக் குழாய் ஒன்றில் பலூன் போல உண்டான வீக்கம், அதை ஒட்டிச் செல்லும் மூன்றாம் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். வீக்கம் வெடித்தால் மூளையுறையினுள் இரத்தம் பாயும். இதற்கு அன்றைய தினமே குழாய்களைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணிப்போனால் பேருந்தின் ஜன்னலோரக் காற்றைக் குறை சொல்வது நம் வழக்கம். அது ஏழாம் நரம்பின் வீக்கமாகிய முகவாதமாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இருபக்கங்களிலிருந்தும் ஆணை வருகிறது. ஆதலால் பெருமூளைப் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும், கண் மூடும். முகவாதத்திலோ நரம்பே தளர்ந்துவிடுவதால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. ஆனால் மூளைத்தண்டில், அந்நரம்பின் மையத்திலேயே அடைப்பு ஏற்பட்டால் அதுவும் முகவாதம் போலவே தோன்றும். ஆகவே இந்தச் சோதனை உங்கள் அறிதலுக்காகத்தான்; முடிவை வீட்டில் எடுக்காதீர்கள். முகவாதமே என்று உறுதியானாலும் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் இரவில் மறைப்பும் தேவை. இல்லையேல் கருவிழி காய்ந்து புண்ணாகும்.

ஒரு வாய் தண்ணீர்

மயங்கிச் சாய்ந்தவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது நம் மண்ணின் பரிவு. விழுங்கும் நரம்புகளாகிய ஒன்பதும் பத்தும் செயலிழந்திருக்கும்போது அந்த நீர் நேராக நுரையீரலுக்குச் செல்கிறது. பக்கவாதத்திலிருந்து தப்பியவர் நிமோனியாவில் இறப்பதை மருத்துவமனைகளில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும்வரை வாய்வழியே எதுவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். ஆஸ்பிரின் நல்லது என்று கேள்விப்பட்டு அதைக் கொடுப்போரும் உண்டு. நிகழ்ந்திருப்பது அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மிகுதியாக்கும். புறா இரத்தம் தடவுவதும் மந்திரிப்பதும் நேரத்தை விழுங்குகின்றன. அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பின்னர் வீட்டில் பராமரிக்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். நீர்த்த பொருள்களே எளிதில் புரையேறும். தண்ணீரைவிடக் கேழ்வரகுக் கூழின் பதத்தில் உள்ளவை பலருக்குப் பாதுகாப்பானவை. நிமிர்ந்து உட்கார்ந்து, விழுங்கும்போது முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்துவது சிலருக்கு உதவும். யாருக்கு எந்தப் பதம், எப்போது மூக்குக் குழாயை அகற்றலாம் என்பதைச் சிகிச்சையாளர் நேரில் பார்த்துச் சொல்வார்.

கழுத்தில் சொடக்கு

முடிவெட்டி முடித்ததும் கழுத்தை இருபுறமும் திருகிச் சொடக்கு எடுக்கும் வழக்கம் நம் சலூன்களில் இன்னும் இருக்கிறது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பின்வழித் தமனிகள் கழுத்தெலும்பின் துளைகளுக்குள் செல்வதை முன்பே சொன்னேன். திடீர்த் திருகலில் அக்குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து மேலே செல்லும். இது எப்போதோ ஒருவருக்குத்தான் நேர்கிறது; ஆனால் நேர்பவர்களில் இளைஞர்கள் பலர். பிடரி வலி முதலில் வந்து, தலைசுற்றல் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து வரலாம் என்பதால் சொடக்கு எடுத்தது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சலூனில் “கழுத்து வேண்டாம்” என்று சொல்லிவிடுவது எளிது.

நேரக் கணக்கு

பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாகக் கணக்கிட்டுள்ளனர். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். பெரிய குழாய்களில் சிக்கிய கட்டியைத் தொடை வழியே கம்பி செலுத்தி எடுக்கும் சிகிச்சைக்குத் தகுந்த நோயாளர்களில் 24 மணி நேரம் வரையும் இடமுண்டு. பேசிலர் தமனி அடைப்பிலும் இது உயிர் காக்கிறது என்பதை 2022-இல் வெளியான இரு சீன ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஆனால் அந்த நீண்ட கணக்கை நம்பித் தாமதிக்கக் கூடாது. மிகச் சிறந்த பலன் முதல் மணி நேரங்களில் வருபவர்களுக்கே.

கொல்லிமலையிலிருந்து வருபவருக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவதிலேயே பெரும்பொழுது கழிந்துவிடுகிறது. எனவே வீட்டில் செலவாகும் நேரத்தைத்தான் நாம் குறைக்க முடியும். 108-ஐ அழைக்கும்போது “மயக்கம்” என்று மட்டும் சொல்லாமல், “திடீரென வந்தது, பக்கவாதமோ என்று சந்தேகம்” என்று சொல்லுங்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்ல அது உதவும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், நாமக்கல்லில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. வழியில் சிறிய மருத்துவமனைகளில் நின்று நின்று வருவது நேரத்தைக் கரைக்கும்.

வருமுன் காப்பதற்குப் புதிய மந்திரம் ஏதுமில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகிய மூன்றுமே பின்வழிக் குழாய்களையும் கெடுக்கின்றன. தலைவலி இல்லையே என்று அழுத்த மாத்திரையை நிறுத்துவோர் இன்னும் மிகுதி. உயர்ந்த அழுத்தம் பெரும்பாலோருக்கு எந்த வலியும் தருவதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்தவை அலமாரியில் அப்படியே இருப்பதையும் காண்கிறோம்.

மருத்துவமனைக்கு வந்தவுடன் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்பதே. தூக்கத்திலிருந்து எழும்போதே அறிகுறி இருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. முந்தைய இரவு அவர் நன்றாக இருந்ததாக யாராவது பார்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். இடையில் சிறுநீர் கழிக்க எழுந்து நடந்தார் என்றால் அந்த நேரத்தை. அவரை அப்போது பார்த்தவர் வீட்டிலேயே இருந்துவிட்டால், அவருடைய கைப்பேசி எண்ணையாவது கொண்டு வாருங்கள். உட்கொண்டுவரும் மாத்திரைகளின் அட்டைகளையும், இரத்தத்தை இளக்கும் மருந்து ஏதும் எடுத்தால் கடைசியாக அதை விழுங்கிய நேரத்தையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.